பழைய மொன்றியலில் ஒன்பது தரிப்புகளும் ஒரு குடும்பச் சண்டையும்

பழைய மொன்றியலைச் சுற்றிக் காட்ட இப்போது ஆள் தேவையில்லை. காதுக்குள் ஒரு சின்னக் குமிழைச் செருகிக்கொண்டு, கைத்தொலைபேசி சொல்லும் பக்கம் நடந்தால் போதும். அந்தக் குரல் தும்முவதில்லை, களைப்பதில்லை, இடையில் யாராவது கேள்வி கேட்டால் சினப்பதுமில்லை. போன மாதம் நான் முன்பு வழிகாட்டியாக வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை கூப்பிட்டு, அந்தக் குரல்களில் ஒன்றாக என் குரலையும் பதியலாமா என்று கேட்டாள். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் இருத்தி, ஒலிவாங்கியை வாய்க்கு முன்னால் வைத்தார்கள். இரண்டு வசனம் பேசிவிட்டு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். பின்னால் வருபவர்கள் வந்து சேரட்டும் என்றேன்.

அந்த அறையில் எனக்குப் பின்னால் ஒரு சுவர்தான் இருந்தது. பதிவு சரிவரவில்லை. பிறகு கோப்பி குடிக்கும்போது, அங்கே வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு மூன்று பேர் சுற்றி இருந்துகொண்டு, உங்கள் வேலைக் காலத்தில் நீங்கள் விட்ட ஆகப் பெரிய பிழை எது என்று கேட்டார்கள். ஒரு தடவை குடையைத் தொலைத்தேன் என்று சொல்லி மழுப்பினேன். உண்மையான பதிலைப் பிரெஞ்சில் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. கலியாண அழைப்புக் காட்டைத் தபாலில் போடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளக்கவே ஒரு மணி நேரம் வேண்டும். தமிழில் எழுதுவது சுகம்.

நான் வழிகாட்டி ஆன கதை நீளமில்லை. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். சேன்-போல் தெருவில் ஓர் உணவகத்தில் பதினைந்து வருடம் கோப்பை கழுவினேன். அந்தக் குசினியின் பின்கதவு திறக்கும் இடத்தில்தான் சுற்றுலா வழிகாட்டிகள் கூட்டத்தை நிறுத்தி விளக்கம் சொல்வார்கள். குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் நின்று கேட்பேன். ஐந்து வழிகாட்டிகள், ஒரே கட்டடம், ஐந்து கதைகள். ஒருவர் அது தோல் வியாபாரியின் களஞ்சியம் என்பார், ஒருவர் மதுச்சாலை என்பார், ஒருவர் மேல்மாடியில் பேய் இருக்கிறது என்பார். எனக்குத் தெரிந்து மேல்மாடியில் இருந்தவை எங்கள் வெங்காய மூட்டைகள். ஒரு நாள் ஒரு வழிகாட்டி அந்தக் கட்டடம் எரிந்த வருடத்தை மறந்து தடுமாறியபோது, கையில் குப்பைப் பையோடு நான் எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்தின் கடைசியில் நின்ற ஒரு கட்டையான அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். அவர்தான் மதாம் கிளோதேத். அடுத்த குளிர்காலம் முழுவதும் வழிகாட்டிச் சோதனைக்குப் படிக்க நூலகத்தில் கிடந்தேன். வசந்தத்தில் எழுத்துச் சோதனையில் தேறினேன். மிஞ்சியது நடைச் சோதனை: மதாம் பின்னால் வர, ஒரு கூட்டத்தைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்ட வேண்டும்.

மதாம் கிளோதேத் வழிகாட்டிகளுக்குப் பொறுப்பானவர். அறுபதுக்குக் கிட்டிய வயது, தோளில் துணிப்பை, கையில் சின்னக் குறிப்புப் புத்தகம், காதில் பென்சில். அவர் யாரையும் ஏசி நான் கண்டதில்லை. பிழை விட்டால் பென்சிலைக் காதிலிருந்து எடுப்பார், எழுதுவார், திரும்பக் காதில் செருகுவார். பெரிய பிழை விட்டால் "அன்தெரெசான்" என்பார். சுவாரசியமாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். அந்தச் சொல்லைக் கேட்ட யாரும் அன்று வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டதாக நான் அறியவில்லை.

அவருடைய முறை ஒன்பது தரிப்பு, ஒன்றரை மணி நேரம். ஒரு தரிப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. வெயில் வழிகாட்டியின் கண்ணில் அடிக்கலாம், விருந்தாளியின் கண்ணில் அடிக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் காலை பத்து மணிக்கு எந்தக் கல்லில் நிற்பது, பின்னேரம் இரண்டு மணிக்கு எந்தக் கல்லில் நிற்பது என்று தனித்தனியாகப் பாடமாக்க வேண்டும். பின்பக்கமாக நடக்கக் கூடாது. தெருவைக் கடக்கும்போது பேசக் கூடாது. கழிப்பறை எங்கே என்பதை அவர்கள் கேட்க முன்னரே சொல்லிவிட வேண்டும், ஆனால் தேவாலயத்துக்கு முன்னால் நின்று சொல்லக் கூடாது. "நான் நினைக்கிறேன்" என்று வாயில் வரவே கூடாது. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க அவர்கள் வரவில்லை, முசியூ" என்பார்.

முதல் நடைச் சோதனையில் நான் தவறியது முதலாவது தரிப்பிலேயே. நான் பிரெஞ்சு படித்தது குசினியில். அங்கே சமையல்காரர்கள் கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் சில சொற்களைச் சேர்த்துக்கொள்வார்கள். வசனத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி அது ஒரு வழக்கம் என்று நினைத்திருந்தேன். தேவாலயத்துப் பூசைப் பொருட்களின் பெயர்களையே இந்த ஊரில் தூஷணமாகப் பாவிக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரட்டைக் கோபுரத் தேவாலயத்துக்கு முன்னால் நின்று, அந்தக் கோபுரங்களின் உயரத்தை அப்படிப்பட்ட மூன்று சொற்களால் புகழ்ந்தேன். கூட்டத்தில் நின்ற ஒரு கன்னியாஸ்திரி சிலுவை அடையாளம் போட்டார். நானும் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இரண்டாவது தரமும் தவறினால் மூன்றாவது தரம் இல்லை. அப்போது எனக்கு வயது ஐம்பத்து நான்கு. குசினியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். என் மனைவி றீற்றா ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை பார்த்தாள். சோதனை அன்று காலை அவள், "தவறினால் யோசிக்காதேங்கோ, என்னோடை வந்து தக்காளி அடுக்கலாம். முதலாளியிட்டை கதைச்சு வைச்சிருக்கிறன்" என்று சொல்லி அனுப்பினாள். பகிடியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கதைத்து வைத்திருந்தாள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, ஒரு கோடைச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பிளாஸ் தார்ம் சதுக்கத்தில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். ஓய்வுபெற்ற ஆறு கெபெக் மாகாணத்து ஆசிரியைகள், பின்னேர ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு பெல்ஜியத் தம்பதி, இன்னும் சிலர். எல்லோருக்கும் பின்னால் மதாம், காதில் பென்சிலோடு. நடுவில் நான் சற்றும் எதிர்பாராத நான்கு தமிழர். இடப்பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவருடைய மகளும். வலப்பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவும் அவருடைய மகனும். பிள்ளைகள் இருவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அம்மாவின் பிரெஞ்சு பாரிஸ் பிரெஞ்சு. நான் வாய் திறக்க முதலே கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டார், அதுவும் தேவாலயத்துக்கு முன்னால். பென்சில் இறங்கியது.

என் சட்டையில் "அந்துவான்" என்று பெயர் குத்தியிருந்தது. அந்தோனிப்பிள்ளையை நிறுவனம் அப்படிச் சுருக்கிவிட்டது. பெயரை வாசித்துவிட்டு முகத்தைப் பார்த்த நான்கு தமிழருக்கும் திகைப்பு. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்கள். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. இரண்டு தமிழ்க் குடும்பங்கள் அந்நிய தேசத்துத் தெருவில் சந்தித்தால், "நீங்கள் ஊரிலை எவடம்" என்று கேட்கப் பத்து நொடி போதும். அடுத்த பத்து நொடியில் பொதுவாக ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கேட்கவில்லை என்றால் அதற்கு இரண்டே காரணங்கள். ஒன்று பகை, மற்றது சம்பந்தம்.

நான் கவனித்தேன். பாரிஸ் அம்மா வரைபடத்துக்கு மேலால் அந்தப் பெண்ணை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அந்தத் தகப்பன் இளைஞனுடைய சப்பாத்தைப் பார்த்தார், தலைமயிரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பெண்ணும் பையனும் கள்ளமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இதற்கு மேலும் என்ன வேண்டும்? பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். சேன்-றெஜிஸ் தெரு முருகன் கோயிலில் பார்த்தால் பூசை முடிய முதலே ஊருக்குள் கதை வந்துவிடும், சரிவராவிட்டால் பெண்ணுக்குத்தான் பேச்சு. எங்கள் ஆட்கள் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடி இங்கே வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் வழிகாட்டியே தமிழனாக இருந்தால் பாவம், என்ன செய்வார்கள்? என்னால் முடிந்ததைச் செய்து கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

இரண்டாவது தரிப்பு, தேவாலயத்துக்குப் பக்கத்துக் குருமடத்தின் பழைய மணிக்கூடு. மதாமின் முறைப்படி பத்தேகாலுக்கு எல்லோரையும் சுவரின் நிழலில் நிறுத்த வேண்டும். நிழலில் பெண்ணின் முகம் தெளிவில்லை. நான் கூட்டத்தை நான்கு அடி தள்ளி, பெண்ணின் முகத்தில் நல்ல வெயில் விழும்படி நிறுத்தினேன். ஆறு ஆசிரியைகளும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். பென்சில் இறங்கியது. மூன்றாவது தரிப்பு, பெரிய தூண்கள் வைத்த பழைய வங்கிக் கட்டடம். தூணின் பருமனை அளந்து காட்ட இரண்டு இளம் பிள்ளைகள் தேவை என்று சொல்லி, அந்த இருவரையும் கூப்பிட்டுத் தூணைக் கட்டிப்பிடிக்க வைத்தேன். அவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தகப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது தரிப்புக்குச் சேன்-போல் தெருவின் கல்லுப் பாதையில் இறங்கி நடக்கையில் பாரிஸ் அம்மாவின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ," என்றேன் மெதுவாக. "பெட்டையைப் பாத்துக்கொண்டுதான் வாறன். நல்ல அமைதியான பிள்ளை. பிரெஞ்சும் வடிவாய்க் கதைக்கிறா. உங்கடை மகனுக்கும் பிடிச்சிருக்குப் போலை."

அவர் தெரு நடுவில் நின்றுவிட்டார். "அண்ணை, என்ன கதைக்கிறியள்? அவள் என்ரை தம்பியின்ரை மகள்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வழிகாட்டி வேலையைப் பார்த்திருக்கலாம். "அப்ப இன்னும் நல்லது, முறையும் சரி" என்றேன்.

"தம்பியோடை நான் கதைச்சு ஆறு வருசம்," என்றார் அவர். "அவன் இங்கை நிற்பான் எண்டு தெரிஞ்சிருந்தால் நான் ஓட்டலிலையே படுத்திருப்பன். கண்ட உடனை போயிருக்கலாம். நான் ஏன் போகவேணும், அவன் போகட்டும் எண்டு நிண்டனான்."

சம்பந்தமில்லை, பகை. அவர் பெயர் சரோஜா, பாரிசில் இருப்பவர். தம்பி நேசன், மொன்றியலுக்குப் பக்கத்திலேயே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருப்பவர். சரோஜாவின் மகன் ரமணனும் நேசனின் மகள் துர்க்காவும் இன்ரநெற்றில் கதைத்துத் திட்டம் போட்டு, இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே சுற்றுலாவுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு முன்னால் சத்தம் போட மாட்டார்கள், கூட்டத்தோடு வந்தால் இடையில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்பது பிள்ளைகளின் கணக்கு. பிரான்சில் பிறந்த பிள்ளை, கெபெக்கில் பிறந்த பிள்ளை. எங்கள் ஆட்களைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஐந்தாவது தரிப்பான பிளாஸ் றுவயாலில், இந்த நகரம் தொடங்கிய இடத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கும்போது நேசன் என் இடது முழங்கையைப் பிடித்தார். அக்கா முதலில் வழிகாட்டியிடம் முறையிட்டுவிட்டார் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நேரே பேச முடியாதே, ஆறு வருடமாகப் பேச்சில்லையே. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

"அண்ணை, அவவிட்டைக் கேளுங்கோ. மகளின்ரை கலியாணத்துக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லாமல் தபாலிலை காட் போடுறதோ முறை? தாய்மாமன் நான். கரண்டுப் பில்லுக்குக் கீழை கிடந்து எடுத்தனான், என்ரை மருமகளின்ரை கலியாணக் காட்டை."

அது சரியான கோபம்தான். பக்கத்து ஊர் என்றால் புருசனும் பெண்சாதியும் நேரே வந்து சொல்ல வேண்டும். கடல் கடந்த நாடு என்றால் முதலில் போன், பிறகுதான் தபால். காட் முதலில் வந்தால், வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்ன மாதிரி.

"அண்ணை, அவரிட்டைச் சொல்லுங்கோ," என்று வலது முழங்கையிலிருந்து சரோஜா. "மூண்டு நாள் போன் எடுத்தனான். மூண்டு நாளும் லைன் பிசி."

"மூண்டு நாள் லைன் பிசியாய் இருக்க என்ரை வீடு என்ன ரெலிபோன் கந்தோரோ, கேளுங்கோ அண்ணை."

இரண்டு பேருக்கும் இடையில் மூன்றடி தூரம். நான் என்ன மடத்தனத்திலோ முதல் கேள்வியையும் பதிலையும் திரும்பச் சொன்னேன். "மூண்டு நாளும் லைன் பிசியாம்" என்று நேசனுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மதாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட நகரத்தின் பிறப்பை அரை நிமிடத்தில் முடித்துவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தேன். சண்டையும் கூடவே நடந்து வந்தது.

ஆறாவது தரிப்பு துறைமுகக் கரை. அங்கே நான் வழக்கமாகச் சொல்லும் விஷயம் கடிதம். அந்தக் காலத்தில் பிரான்சிலிருந்து கப்பல் கோடையில்தான் வரும். கடிதமும் அதோடு வந்தால் உண்டு. இன்று எழுதினால் பதிலுக்கு அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். கலியாணச் செய்தியும் செத்த செய்தியும் ஒரே பையில் வந்து சேரும். இவ்வளவும் சொன்னேன். எனக்குப் பின்னால் தமிழ்ச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. பெல்ஜியக்காரர் கையை உயர்த்தி, "மன்னிக்க வேண்டும், இவர்கள் பேசுவது கெபெக் பிரெஞ்சா?" என்று கேட்டார். ஆறு ஆசிரியைகளும் ஒரேயடியாகத் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஓரடி பின்னால் போனார்.

அவர்களில் ஒருவர் என்னிடம், "நாடகமா, முசியூ? கடிதத்துக்காகக் காத்திருந்த குடும்பமா?" என்று கேட்டார். மற்றச் சுற்றுலாக்களில் தொப்பியும் அங்கியும் போட்ட நடிகர்கள் திடீரென்று தோன்றி நடிப்பது உண்டு. நான் மதாமைப் பார்த்தேன். தக்காளியை நினைத்தேன். "ஆம், மதாம்" என்றேன். "அக்கா பிரான்சில், தம்பி மொன்றியலில். கடிதத்தால் வந்த மனஸ்தாபம்."

கை தட்டினார்கள். தப்பிவிட்டேன் என்று நினைக்க முதல் சரோஜா திரும்பினார். அவருக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

"நாடகமில்லை," என்றார் கூட்டத்தைப் பார்த்து, அழகான பாரிஸ் பிரெஞ்சில். "இவர் என் தம்பி. என் மகளின் கலியாணத்துக்கு வரவில்லை."

"எப்படி வருவது?" என்று நேசனும் பிரெஞ்சுக்கு மாறினார். "அழைப்பு தபாலில் வந்தது. ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை."

அதன் பிறகு சுற்றுலா என் கையில் இல்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆசிரியைகளில் நான்கு பேர் தம்பியின் பக்கம். கூடப்பிறந்தவனுக்குத் தபாலில் காட் போடுவதா, அது எங்கள் ஊரிலும் இல்லை என்றார்கள். பெல்ஜியத் தம்பதி அக்காவின் பக்கம். மூன்று நாள் எடுத்துப் பார்த்திருக்கிறாரே, அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்றார்கள். "வீட்டிலிருந்தா எடுத்தீர்கள்?" என்று ஒருவர் விசாரணையே தொடங்கிவிட்டார். வீட்டுப் போனும் பிசியாக இருந்ததால் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் ஒரு கடைக்குப் போய், போன் காட் வாங்கி, மூன்று பின்னேரம் வரிசையில் நின்று எடுத்ததாகச் சரோஜா சொன்னார். "பொய்" என்றார் நேசன்.

"பொய்யில்லை, அப்பா," என்றாள் துர்க்கா. தமிழில் சொன்னாள். அவள் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அது நான்தான். நெற்றிலை இருந்தனான். அந்த நேரம் நெற்றிலை இருந்தால் போன் வேலை செய்யாதுதானே."

"மூண்டு நாளுமோ? ஆரோடை?"

அவள் ரமணனைப் பார்த்தாள். ரமணன் ஆற்றைப் பார்த்தான். பாரிஸ் வீட்டுப் போன் ஏன் பிசியாக இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மச்சானும் மச்சாளும் அரட்டை அடித்த மூன்று பின்னேரங்களுக்குத் இவனுடைய தாயும் அவளுடைய தகப்பனும் ஆறு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். குற்றவுணர்ச்சியில்தான் பிள்ளைகள் இந்தத் திட்டத்தையே போட்டிருக்கிறார்கள். ஆசிரியைகளுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். இந்த முறை உண்மையாகவே சொன்னேன்.

இந்தக் கட்டத்தில் அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். ஆறு வருடக் கோபம் அப்படி லேசில் இறங்காது. கோபத்துக்குக் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மதாம் கையை உயர்த்திக் கடிகாரத்தைத் தட்டினார். ஆறாவது தரிப்பில் நாற்பத்தொரு நிமிடம் போயிருந்தது. சந்தைக் கட்டடத்தையும் மாலுமிகளின் சிற்றாலயத்தையும் விட்டுவிட்டு, எல்லோரையும் நேரே கடைசித் தரிப்பான ஜாக்-கார்த்தியே சதுக்கத்துக்குக் கூட்டிப்போய், வந்ததற்கு நன்றி சொல்லி முடித்தேன். பெல்ஜியத் தம்பதிக்குப் போக மனமில்லை. அவர்களுடைய ரயில் அவர்களை இழுத்துக்கொண்டு போனது.

மற்றவர்கள் போனார்கள். சரோஜா சதுக்கத்தில் உட்காரப் போட்டிருந்த ஒரு வாங்கின் இந்த முனையிலும் நேசன் அந்த முனையிலும் இருந்தார்கள். பிள்ளைகள் ஐஸ்கிறீம் வாங்கப் போவதாகச் சொல்லி ஓடிவிட்டார்கள். மதாம் அந்த வாங்குக்கு முன்னாலேயே என்னை நிறுத்திக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"விருந்தாளிகளின் கண்ணில் வெயில், முசியூ. ஆறாவது தரிப்பில் நாற்பத்தொரு நிமிடம். ஏழாவதும் எட்டாவதும் இல்லை. உண்மையல்லாத ஒரு கூற்று வரலாறாகச் சொல்லப்பட்டது." புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தினார். "அன்தெரெசான். நான் உங்களைத் தேறியதாக எழுத முடியாது."

காலையில் றீற்றா பேசிவைத்த தக்காளிப் பெட்டிகள்தான் கண்ணுக்கு முன்னால் நின்றன.

"என்னவாம் அண்ணை?" என்று வாங்கிலிருந்து சரோஜா கேட்டார்.

"சோதினை, தங்கச்சி. தவறிட்டன்."

"எங்களாலையோ?"

இல்லை என்று சொல்ல நான் பெரிய மனசுக்காரன் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஓம், உங்களாலைதான்," என்றேன். "இனி இந்த வேலை எனக்கில்லை."

மதாம் புத்தகத்தை மூடவில்லை. பென்சிலின் பின்பக்கத்தால் அந்தத் தாளின் அடியில் இருந்த ஒரு சின்ன வரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு விதி இருக்கிறது," என்றார். "சோதனை நாளில் வழிகாட்டிக்குக் குடும்பத்தில் ஓர் அவசரம் வந்தால், அந்த நடை கணக்கில் வராது. திரும்ப நடக்கலாம். நான் முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். ஒரு வழிகாட்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அந்நியர்கள் சண்டை போட்டு நான் கண்டதில்லை. ஆகவே கேட்கிறேன். இவர்கள் உங்கள் குடும்பமா?"

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர் யாருமில்லை. துறைமுகத்தில் ஒரு பொய் சொல்லி அகப்பட்டிருந்தேன். இன்னொன்று சொல்லத் துணிவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"எங்கள் மூத்த அண்ணன், மதாம்," என்றார் சரோஜா. எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். எதிலும் போய்த் தலையிடுவார்."

மதாம் நேசனின் பக்கம் திரும்பினார். "உண்மையா, முசியூ?"

நேசன் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அக்காவின் முகத்தை அவர் நேரே பார்த்தது அப்போதுதான். ஆறு வருடத்துக்குப் பிறகு என்றும் சொல்லலாம்.

"உண்மை, மதாம். மூத்தவர். அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாம் இவர்தான்."

அவர் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. என்றாலும் கேட்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதாம் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சரோஜா நல்ல வெள்ளை, நேசனுக்குக் கூர்மூக்கு, நான் கறுவல், மூக்கும் சப்பை. பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். எழுதினார். என்ன எழுதுகிறார் என்று தலைகீழாக வாசித்தேன். 'குடும்ப அவசரம். மூத்த சகோதரர்.'

"வியாழக்கிழமை, பத்து மணி," என்றார். "குடும்பம் வீட்டில் நிற்கட்டும்." பென்சிலைச் செருகிக்கொண்டு போய்விட்டார். அவர் நம்பினாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை. அவருக்குக் கீழே அதன் பிறகு ஏழு வருடம் வேலை பார்த்தேன், அப்போதும் கேட்கவில்லை.

அவர் மறைந்ததும் நேசன் மெல்லச் சொன்னார். "நீங்கள் இப்பவும் முகம் மாறாமல் பொய் சொல்லுவியள், அக்கா."

"நீ மட்டும்? அப்பா போன பிறகு எல்லாம் இவர்தானாம்," என்றார் சரோஜா. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்காமல் வந்தது, பிறகு சரோஜாவின் சிரிப்பு அழுகையானது. நேசன் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துக் கண் துடைக்க நீட்டினார். என்னை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு ஐஸ்கிறீமோடு வந்த பிள்ளைகள் தூரத்திலேயே நின்றுகொண்டார்கள். நான் என் வழிகாட்டிக் குடையை எடுத்துக்கொண்டு மெற்றோவுக்கு நடந்தேன்.

வியாழக்கிழமை வெயிலை வழிகாட்டியின் கண்ணில் வைத்து, ஒன்பது தரிப்பையும் எண்பத்தொன்பது நிமிடத்தில் முடித்தேன். கூட்டத்தில் ஒரு தமிழரும் இல்லை. தேறினேன். அன்று பின்னேரம் வீட்டுப் போன் அடித்தது. நேசன்தான். நிறுவனத்தில் என் இலக்கம் கேட்டு எடுத்திருந்தார்.

"அண்ணை, அக்கா ஞாயிற்றுக்கிழமை போறா. சனிக்கிழமை மத்தியானம் எங்கடை வீட்டை சாப்பாடு. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." பிறகு கொஞ்சம் தயங்கினார். "அக்கா சொல்லுறா, மூத்தவர் இல்லாமல் இலை போடக் கூடாதாம்."

வாறம் என்று சொல்லிப் போனை வைத்தேன். குசினிக்குள்ளிருந்து றீற்றா, "ஆர் போனிலை?" என்று கேட்டாள்.

"தம்பி," என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். எனக்குத் தம்பி இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தினை பேராம்?" என்றாள். "வெறுங்கையோடை போகேலாது."